நாரத்தையின் கசப்பும் முரப்பாவின் இனிப்பும்

மதுரை மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ பேருந்து புறப்படக் காத்திருக்கும் வேளையில், சன்னலோரமாக வந்து 'இஞ்சி மொரப்பா' என்று கூவி விற்பவரின் குரலைக் கேளாதவர் நம்மில் அரிது. வாங்கிச் சுவைத்தவர்களும் பலர். ஆனால் அவர் கூவும் அந்த இரண்டு சொற்களும் கடல் கடந்து போய்த் திரும்பியவை என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

முரப்பா என்பது 'முரப்பா' என்னும் அரபுச் சொல்லே. பாகில் இட்டுப் பக்குவப்படுத்திய கனி அல்லது கிழங்கு என்பது அதன் பொருள். 'ருப்பு' என்றால் கனிச்சாற்றைக் காய்ச்சித் திரட்டிய குழம்பு. அக்குழம்பில் ஊறியதற்குப் பழைய அரபு அகராதிகள் எடுத்துக்காட்டும் பண்டமோ, வியப்புக்குரிய வகையில், இஞ்சிதான்: 'ஸன்ஜபீல் முரப்பா'. அந்த ஸன்ஜபீல் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தின் கலவையாகக் குறிப்பிடப்படுவது. அச்சொல்லின் வேரைத் தேடிய மொழியியலார் பாரசீகம், பாலி வழியாகப் பின்னோக்கிச் சென்று, நம் 'இஞ்சி' என்னும் சொல்லில் வந்து நிற்கின்றனர். இங்கிருந்து இஞ்சி போயிற்று. அங்கிருந்து முரப்பா வந்தது. இரண்டும் இன்று மதுரைப் பேருந்தில் ஒரே பொட்டலத்தில் விற்கப்படுகின்றன.

இதே கதையின் மறுபாதிதான் மார்மலேடு. ஆங்கிலேயரின் காலைச் சிற்றுண்டி மேசைக்கே உரியது என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் அந்தக் கசப்பினிப்புப் பண்டம், நாரத்தை இனத்துக் கனியின் முரப்பா என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. லிசானுல் அரப் என்னும் பேரகராதியில் 'அன்பிஜாத்' என்றொரு சொல் விளக்கப்படுகிறது. இந்தியாவிலிருந்து தேனில் ஊறவைத்து இராக்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட மாங்கனிக்கு அரபியில் 'அன்பஜ்' என்று பெயர். அதையொட்டி, தேனில் பக்குவப்படுத்திய உத்ருஜ்ஜு (பெருநாரத்தை), கடுக்காய் போன்றவை அனைத்துமே அன்பிஜாத் எனப்பட்டன என்கிறார் அதன் ஆசிரியர் இப்னு மன்ழூர். அவர் மறைந்த ஆண்டு 1311. போர்ச்சுகீசியர் 'மார்மெலோ' எனும் பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சி 'மார்மெலாடா' எனப் பெயரிட்டு விற்றதும், அப்பெயர் இங்கிலாந்தை அடைந்ததும் அதற்குப் பிந்திய செய்திகள். அந்த மார்மெலோ அரபியர் 'ஸஃபர்ஜல்' என்று போற்றிய பழம். நம் நாட்டில் சீமை மாதுளை என்பர். பெயர் அப்பழத்துடையது; பின்னர் அதற்குள் குடிபுகுந்தது ஆரஞ்சு.

அந்தக் கசப்பு ஆரஞ்சும் இந்தியாவிலிருந்து சென்றதே. வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி (இறப்பு கி.பி. 956) தம் 'முரூஜுத் தஹப்' நூலில் இதனைத் தெளிவாகவே பதிவு செய்துள்ளார். நாரன்ஜும் உருண்டை உத்ருஜ்ஜும் ஹிஜ்ரி 300க்குப் பின்னர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் உமானில் நடப்பட்டன. பின்னர் பஸ்ராவுக்கும் இராக்குக்கும் சிரியாவுக்கும் பரவின என்பது அவர் தரும் செய்தி. இந்திய மண்ணும் நீரும் காற்றும் இல்லாததால் அங்கே அவற்றின் பழைய மணமும் நிறமும் குன்றிவிட்டன என்று ஒரு குறையும் சொல்கிறார். பிறந்த மண்ணை விட்டுப் போன ஒரு மரத்துக்காக ஓர் அரபு அறிஞர் வருந்தியிருக்கிறார். நாம் நம் கொல்லைப்புறத்து நாரத்தையை வெட்டும்போது வருந்தினோமா என்பது வேறு வினா.

முஸ்லிம்களின் கைவழியே நாரன்ஜ் அந்தலூஸை அடைந்தது. இஷ்பீலியா என்று அவர்கள் அழைத்த செவில் நகரம் 712 முதல் 1248 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அந்நகரத்தவரான இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வேளாண்மைப் பெருநூலில் நாரத்தை இன மரங்களின் வளர்ப்பு பேசப்படுகிறது. ஆட்சி மாறியது, மரங்கள் நின்றன. இன்றும் மார்மலேடுக்குரிய பழம் 'செவில் ஆரஞ்சு' என்றே அறியப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தினர் அதைக் காலை உணவாக்கினர். டன்டீ நகரின் கீலர் குடும்பத்தினர் 1797இல் அதைத் தொழிலாகவே தொடங்கினர் என்பர். பிறகு அது கண்ணாடிப் புட்டியில் நம்மூர்க் கடைக்கு வந்தது.

நம் வீடுகளில் நாரத்தைக்குக் கிடைத்தது உப்பு. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சித்திரை, வைகாசி வெயிலில் சுருள்சுருளாக அரிந்த காயில் உப்பை அடைத்து, மொட்டைமாடியில் உலர்த்திச் சாடியில் இட்டுவைப்பர். காய்ச்சல்காரர் கஞ்சிக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கசப்பைத் தொட மறுக்கின்றனர். உண்பார் குறையவே, கிணற்றடியில் நின்ற மரங்களும் குறைந்தன. எங்கள் தெருவில் என் சிறுவயதில் நான்கு மரங்கள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. உப்பில் மறுக்கப்படும் காய் சர்க்கரையில் ஏற்கப்படுமா என்று பார்க்கும் ஆவலில்தான் நான் இதைச் செய்யத் தொடங்கினேன்.

செய்முறைக்குமுன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாரத்தை, நார்த்தங்காய், கடாரங்காய், கிச்சிலி ஆகிய பெயர்கள் ஊருக்கு ஊர் இடம்மாறுகின்றன. ஓரிடத்தில் கசப்பு ஆரஞ்சைச் சுட்டும் பெயர் வேறிடத்தில் தடித்தோல் கொண்ட பெரிய காயைச் சுட்டுகிறது. மதுரைச் சந்தையில் நார்த்தங்காய் என்று கிடைப்பது பெரும்பாலும் பின்னது. அதுவே உத்ருஜ்ஜுக்கு நெருங்கிய உறவு. திருக்குர்ஆனை ஓதும் இறைநம்பிக்கையாளருக்கு நபி (ஸல்) அவர்கள் உவமையாகச் சொன்ன, மணமும் சுவையும் நன்றாக அமைந்த கனி இந்த உத்ருஜ்ஜுதான். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தமிழில் அதனை எலுமிச்சை என்று பெயர்ப்பதுண்டு. நாரத்தை என்பதே பொருந்தும் என்பது என் எண்ணம்.

நன்கு முற்றி, மஞ்சள் ஓடத் தொடங்கிய காய் ஒரு கிலோவும் எலுமிச்சை ஆறும் போதும். காயைக் கழுவித் துடைத்து, மேல்தோலை மெல்லியதாகச் சீவி, தீக்குச்சி அளவில் அரிந்துகொள்ள வேண்டும். சாற்றைப் பிழிந்து தனியே வைக்கவும். நம்மவர் பிழை செய்யும் இடம் இதற்கடுத்தது: வெள்ளைச் சதையையும் விதைகளையும் குப்பையில் எறிந்துவிடுவர். பண்டத்தை உறையவைக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் இருப்பது அவற்றில்தான். ஆகவே அவற்றை மெல்லிய மல்துணியில் மூட்டையாகக் கட்ட வேண்டும். அரிந்த தோலை மட்டும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டினால் நாரத்தையின் கடுங்கசப்பு தணியும். முற்றும் போக்கிவிடக் கூடாது. கசப்பு இல்லையேல் மார்மலேடும் இல்லை. பின்னர் தோல், துணிமூட்டை, நாரத்தைச் சாறு, எலுமிச்சைச் சாறு, இரண்டு லிட்டர் தண்ணீர் அனைத்தையும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஓரிரவு ஊறவிடலாம். புளிப்பு அரித்துவிடும் என்பதால் அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகா.

மறுநாள் சிறுதீயில் ஒன்றரை மணிநேரமேனும் வேக வேண்டும். தோலை இரு விரல்களுக்கிடையே நசுக்கினால் மசிய வேண்டும். அதற்குமுன் சர்க்கரையைச் சேர்த்தால் தோல் விறைத்துப்போகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. வெந்தபின் மூட்டையை ஆறவைத்து, வலுவாகப் பிழிந்தால் கொழகொழப்பான நீர் வடியும். அது முழுவதும் பாத்திரத்தில் சேர வேண்டும். தோலும் நீருமாக அளந்து, லிட்டருக்கு 900 கிராம் வீதம் வெள்ளைச் சர்க்கரை இட்டு, கரையும்வரை கிளறி, அதன்பின் தீயைக் கூட்ட வேண்டும்.

உறைவதன் நுட்பம் இதுதான்: புளிப்பு மிகுந்த நீரில் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று விலக்கும் தன்மையை இழக்கின்றன, சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது, இழைகள் கைகோத்து வலையாகின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வலை விழாது. நல்லெண்ணத்தோடு ஒருமுறை சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி இட்டுப் பார்த்தேன். நிறமும் மணமும் அருமை; ஆனால் இரண்டு நாள் கழித்தும் அது பாகாகவே நின்றது. பதநீரைச் சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறக்குகிறோம். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் புளிப்பை முறித்திருக்க வேண்டும். வீணாகவில்லை, ஆப்பத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

பக்குவம் 104 முதல் 105 பாகை வெப்பத்தில் அமையும். மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. எனவே இக்கணக்கு இங்கே பொருந்தும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் தண்ணீரே 93 பாகையளவில் கொதித்துவிடுவதால், அங்கு 98ஐ எட்டும்போதே இறக்கிவிட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் பீங்கான் தட்டைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, அதில் ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்பு சுருங்கினால் பதம். மதுரை வெயிலில் அறையில் கிடந்த தட்டை நம்பினால் ஏமாற்றமே.

கடையில் வாங்கும் உறைபண்டங்களில் ஜெலட்டின் கலந்திருக்குமோ, அது எந்தப் பிராணியின் எலும்போ தோலோ என்ற ஐயம் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. வீட்டில் செய்த மார்மலேடில் அந்த வினாவுக்கே இடமில்லை. உறையவைப்பது காயின் சொந்தப் பசை. வணிகத்துக்கான பெக்டினும் பெரும்பாலும் நாரத்தை இனத்துத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்துமே எடுக்கப்படுகிறது. நாம் எறியும் தோலுக்கு எங்கோ ஓர் ஆலை விலை கொடுக்கிறது.

இறக்கியவுடன் புட்டியில் ஊற்றிவிடக் கூடாது. தோல் துண்டுகள் மேலே மிதந்து ஒதுங்கிவிடும். கால் மணிநேரம் பொறுத்து, ஒருமுறை கிளறி, கொதிநீரில் இட்டு எடுத்து முற்றிலும் உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் சூடு தணியுமுன் நிரப்பி மூடவும். சர்க்கரை நூற்றுக்கு 65 பங்கை எட்டிவிட்டால் பூஞ்சணத்துக்கு வேண்டிய நீர் மிஞ்சாது. ஈரக்கரண்டி இட்டால் மட்டும் ஐப்பசி மழையில் பூத்துவிடும்.

முதல் புட்டியை நான் பிள்ளைகளிடம் மார்மலேடு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. நாரத்தை முரப்பா என்றே சொன்னேன். ரொட்டியில் தடவி ஒருவன் உண்டான். இன்னொருத்தி முகம் சுளித்துவிட்டு, சற்றுநேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். அடுத்த மழைக்குமுன் ஒரு கன்று வாங்கி வைக்க இடம் பார்த்து வருகிறேன்.