பாலிசிப் பணம் பங்கு மார்க்கெட்டுக்குப் போனால்?

(நமது திருப்பதி நிருபர்)

திருப்பதி ரயில் பெட்டிப் பட்டறையிலும் சித்தூர் ஆபீசுகளிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் புதிதல்ல. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். முதிர்ந்தால் குறித்த தொகையும் போனசும் வரும்.

ஏஜெண்டுகள் இப்போது கொண்டுவரும் 'யூலிப்' வேறு ஜாதி. அமெரிக்காவில் இதன் உறவுக்கு 'வேரியபிள் லைஃப்' என்று பெயர். நம் நாட்டில் யூனிட் டிரஸ்ட் 1971-லேயே இப்படி ஒரு திட்டம் நடத்தியது. தனியார் கம்பெனிகள் வந்த பிறகுதான் விற்பனை சூடு பிடித்தது.

ஒருவர் வருஷம் ரூ.12,000 கட்டுகிறார், காப்புத் தொகை ரூ.1,20,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி செலவுக்கென்று ரூ.600 எடுத்துக்கொண்டால் மீதி ரூ.11,400. யூனிட் விலை ரூ.20 என்றால் 570 யூனிட் கிடைக்கும். விலை ரூ.25 ஆனால் அவற்றின் மதிப்பு ரூ.14,250, ரூ.15-க்கு இறங்கினால் ரூ.8,550. இந்த ஏற்ற இறக்கம் கட்டியவர் தலையில்தான். கம்பெனி தலையில் அல்ல.

இன்னொரு சங்கதியை ஏஜெண்டு சொல்லமாட்டார். உயிர்க் காப்புக்கான கட்டணத்தை மாதாமாதம் யூனிட்டுகளை ரத்து செய்து எடுத்துக்கொள்கிறார்கள். காப்புத் தொகை, சேர்ந்த நிதி இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்கும் பாலிசி என்றால், நிதி ரூ.50,000 இருக்கும்போது கம்பெனி கைப்பணத்திலிருந்து போடவேண்டியது ரூ.70,000. நிதி ரூ.20,000-க்கு இறங்கினால் அது ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்துக்குத்தான் கட்டணம். ஆக, மார்க்கெட் விழும்போது யூனிட் விலையும் குறையும், வெட்டும் யூனிட்டும் கூடும். வயது ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும்.

இதை யார் கண்காணிப்பது என்று சண்டையே நடந்தது. 2010 ஏப்ரலில் 'செபி' 14 கம்பெனிகளுக்குத் தடை போட்டது. ஜூனில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, இது இன்ஷூரன்ஸ் ஆணையத்தின் பொறுப்பு என்றது. அந்த செப்டம்பர் முதல் கட்டணங்களுக்கு உச்சவரம்பு; பணம் ஐந்து வருஷம் வெளியே வராது.

காண்டிராக்ட் வேலைக்காரர்களும், நகரி, புத்தூர் தறிக்காரர்களும் கவனிக்கவேண்டியது இந்த ஐந்து வருஷத்தைத்தான். இரண்டாம் வருஷம் வேலை போய்ப் பிரீமியம் நின்றால், அவகாச நாட்கள் கழிந்ததும் உயிர்க் காப்பு போய்விடும். பணம் தனி நிதிக்கு மாறி, குறைந்த வட்டியில் ஐந்தாம் வருஷ முடிவு வரை கிடக்கும். இடையில் அவர் இறந்தால் குடும்பத்துக்கு வருவது அந்த நிதி மட்டுமே, ரூ.1,20,000 அல்ல. நிலையான சம்பளம் இல்லாதவருக்கு இதை விற்பது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

வாங்கிவிட்டவர்கள், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். புகார் இருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுதவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ஹைதராபாத்திலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு மனு செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நாமினி பெயரையும் ஒரு தரம் பாருங்கள். ஆந்திராவில் பாரத்தில் வீட்டுப் பெயர் கேட்பார்கள். நமக்கோ அப்பா இனிஷியல்தான். பாலிசியில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், இப்போதே எழுதிக்கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.