உங்களுக்குத் தெரியுமா? ரோமாபுரியின் செல்வமும் நொய்யல் கரையும்

ரோம சாம்ராஜ்யம் உச்ச நிலையில் விளங்கிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், அதன் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை அனுபவித்தனர் என்று சரித்திர ஆசிரியர்களான ஷைடலும் ஃப்ரீசனும் மதிப்பிட்டிருக்க, 2022-23-இல் நம் இந்தியாவிலோ அதைவிடச் சிறிய விகிதமான ஒரு சதவீதத்தினர் 22.6 சதவீத வருமானத்தைப் பெற்றனர் என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது.

• அந்த ரோமாபுரியின் பணம் ரத்தினங்களுக்கு விலையாகத் திருப்பூர்ச் சீமைக்கும் வந்தது. காங்கயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் வெட்டினர். நொய்யல் கரைக் கொடுமணலில் ரத்தினங்களைப் பட்டை தீட்டினர். கத்தாங்கண்ணியில் ரோம வெள்ளிக்காசுப் புதையலே கிடைத்தது.

• லோலியா பவுலினா என்னும் ரோமச் சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு அணிந்து வந்த மரகதங்களும் முத்துக்களும் 4 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) பெறும் என்று, நேரில் கண்ட ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். வருஷத்துக்கு 900 செஸ்டர்ஸ் வாங்கிய காலாட்படை வீரர்கள் சுமார் 44,000 பேரின் ஓராண்டுச் சம்பளம் அது!

• அந்தச் சாம்ராஜ்யத்தின் க்ஷீணதசையின் பாரமோ உழைப்பாளி தலையில் இறங்கியது. நாணயத்தில் வெள்ளி குறையக் குறைய விலைவாசி ஏற, 301-இல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி விலைக்கு மட்டுமன்றிக் கூலிக்கும் உச்சவரம்பு விதித்தார். பின்னலாடைத் தொழிலாளர் நிறைந்த திருப்பூர் மாவட்டத்தார் ஊன்றிப் படிக்கத்தக்கது அடுத்த செய்தி: அரசாங்க நெசவுச்சாலையிலிருந்து ஓடிப்போன தொழிலாளிக்குப் புகலிடம் தந்தவரிடம், 4-ஆம் நூற்றாண்டுச் சட்டப்படி, பொன்னாகவே அபராதம் வசூலிக்கப்பட்டது.