தூங்காத கையில் ஊசி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிக் கூட்டத்தில் ஆந்திரப் பக்கத்து மக்களும் ஏராளம். படியில் மயங்கி விழுந்தாலும், திருப்பதி சாலையில் அடிபட்டாலும் ஓடுவது அரசு மருத்துவமனைக்குத்தான். இதுபோன்ற இடங்களில் இரவு டியூட்டி பார்க்கும் இளம் மருத்துவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனை 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05% மது கலந்தவருடையதைப் போலத் தடுமாறின. 24 மணி நேரத்தில் அது 0.10% அளவை எட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்த வரம்பு 0.03%தான். வண்டியைத் தொடக்கூடாத அந்த நிலையில்தான் ஒரு பட்டமேற்படிப்பு (பிஜி) மருத்துவர் குழந்தைக்கு மருந்தளவு கணக்கிடுகிறார்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. 'தூங்கு' என்ற அதன் அறிவிப்பைக் காபி சற்று நேரம் மறைக்கும், பொருளை அகற்றாது. தூக்கம்தான் அகற்றும். கொடுமை என்னவென்றால், நாள்கணக்கில் குறைவாகத் தூங்குபவருக்குத் தன் தடுமாற்றமே சரியாகத் தெரிவதில்லை. அதனால் "நான் சமாளிச்சிடுவேன்" என்ற சொல்லை நம்பி டியூட்டி போடக் கூடாது. பாஸ்டனில் பயிற்சி மருத்துவர்களின் நீண்ட ஷிப்டுகளைக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. பழைய முறையில் கடுமையான பிழைகள் 36% கூடுதலாக இருந்தன.

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையே தொடர்பணி 12 மணி, வாரம் 48 மணி என்றது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்பு வாரம் 74 மணி. 32 ஆண்டுகளில் எண் கூடியிருக்கிறது! அந்தக் குழுவின் கணக்கெடுப்பில் பதிலளித்த பிஜி மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், வார விடுப்பே கிடைப்பதில்லை என்றனர். மன அழுத்தம் குறைய என்று இவர்களுக்கு யோகா வகுப்பு வைப்பது தூக்கத்திலிருந்து இன்னொரு மணியைப் பிடுங்குவதுதான்.

எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பது 2020 முதல் விதி. பழகிய விடுதியும் தோழர்களும் இல்லாத ஊர். தேவை பெரிதாக ஒன்றுமில்லை: தாழிட்டுப் படுக்க ஓர் அறை, இரவுச் சாப்பாடு, நள்ளிரவில் அழைத்தால் எரிந்து விழாமல் பேசும் சீனியர். மனம் தாங்காதபோது அழைக்க 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. மருத்துவரும் தயங்காமல் அழைக்கலாம். டியூட்டி பட்டியலில் 'தொடர்ந்து எத்தனை மணி' என்று ஒரு கட்டம் சேர்த்தால், கண்காணிப்பாளர் கையெழுத்திடும்முன் அதைப் பார்த்தே ஆளை மாற்றிவிடலாம்.