விற்றுவிடாதீர்கள், திறந்து பாருங்கள்

சித்தப்பா போன் செய்தபோது அவர் குரலுக்கு முன்னால் கேட்டது அவர் கடைக் கணினியின் சத்தம்தான். நீளமாக ஒரு பீப், சின்ன இடைவெளி, மறுபடி நீளமாக ஒரு பீப். திரை இருட்டு. "போர்டு போயிடுச்சாம்டா. சர்வீஸ்காரர் புதுசா வாங்கிடுங்கங்கறார். என்ன பண்றது?" சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரமும் மனுவும் டைப் அடித்துக் கொடுக்கிற சின்னக் கடை அவருடையது. அந்த ஒரு கணினியை வைத்துத்தான் பிழைப்பு.

"ஆஃப் பண்ணி வைங்க சித்தப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன். மதர்போர்டு அடியோடு போயிருந்தால் பீப் அடிக்கவே அதற்குத் தெம்பு இருக்காது. சத்தம் வருகிறது என்றால் போர்டு விழித்திருக்கிறது, தொடங்கும்போது செய்துகொள்ளும் சோதனையில் ஏதோ ஒன்று அதற்குக் கிடைக்கவில்லை. எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்பது, போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஆனாலும் விட்டு விட்டு வரும் நீண்ட பீப் என்றால் நான் முதலில் ராமைத்தான் பார்ப்பேன்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தோம். மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் வடிந்துவிடும். கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டேன். நமக்கு உறைக்காத நிலைமின்சாரம்கூட ஒரு சிப்பைக் கெடுத்துவிடும். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கிளிப்பை அழுத்தியதும் ராம் மேலே எழும்பி வந்தது. அடிவிளிம்பில் வரிசையாகப் பளபளக்க வேண்டிய தங்கப் பூச்சுப் பற்கள் மங்கிப் போயிருந்தன. சித்தப்பா மேஜையிலிருந்த வெள்ளை ரப்பரால் இருபுறமும் மெல்லத் தேய்த்தேன். துகளைச் சுத்தமான துணியால் துடைத்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஸ்லாட்டை உலர்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும், வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் போய் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ராமில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, இரு முனையிலும் நன்றாக அழுத்த வேண்டும். கிளிப் தானாக மேலேறிப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். பயந்து பயந்து அரைகுறையாகச் செருகிய ராமும் செத்த ராமைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

கணினி ஓடியது. சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே மறுபடி போன். பாதி பத்திரத்தில் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறதாம். ரப்பர் தீர்ப்பது அழுக்கை மட்டும்தான். உள்ளேயே கோளாறு இருந்தால் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும்.

ராமுக்குள் நடப்பது தெரிந்தால் அந்தச் சோதனைக்கு ஏன் அவ்வளவு பொறுமை வேண்டும் என்பது புரியும். ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் சேமித்த மின்னூட்டம். அதற்குக் காவலாக ஒரு டிரான்சிஸ்டர். இரண்டும் சேர்ந்தது ஓர் அறை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்டின் யோசனை இது. 1968இல் காப்புரிமை கிடைத்தது. இன்றுவரை நம் மேஜைக் கணினியின் ராம் இதே அமைப்புதான். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை, அதாவது விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், எல்லா அறைகளையும் படித்துப் புதுப்பித்தாக வேண்டும். 8 ஜிபி ராமில் இப்படிச் சுமார் 6,870 கோடி அறைகள். ஒன்றே ஒன்று வேகமாகக் கசிந்தாலும், அந்த இடத்தை விண்டோஸ் பயன்படுத்தும் நேரத்தில் கணினி தடுமாறும். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடும். காலையில் நன்றாக இருந்தது மாலையில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் தொடங்கும் முன்பே அதிலிருந்து ஓடவிட்டேன். வெவ்வேறு வடிவங்களில் எண்களை எழுதி, திரும்பப் படித்து, சரிபார்ப்பதுதான் அதன் வேலை. இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். இதில் 'கொஞ்சம் பிழை' என்று சமாதானம் சொல்லக் கூடாது, ஒரு பிழை வந்தாலே ஏதோ சரியில்லை. கணினியில் இருந்தவை இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகள். ஒவ்வொன்றாகத் தனியே போட்டுச் சோதித்தோம். பிழை காட்டியதை வேறு ஸ்லாட்டில் போட்டும் பார்த்தோம், அங்கேயும் பிழை. ஸ்லாட் தப்பியது, ஸ்டிக்தான் குற்றவாளி. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றியிருந்தால் இது தெரிந்திருக்காது.

எப்படியும் வாங்கப் போகிறோம், கூடுதலாகவே வாங்கலாம் என்றார் சித்தப்பா. இங்கேதான் பணம் வீணாகும் இடங்கள் இருக்கின்றன. ராமின் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்4க்கும் 5க்கும் ஒரே மாதிரி 288 பின்கள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடமும் மின்னழுத்தமும் வேறு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் வேகமும் எத்தனை ஸ்லாட் காலி என்பதும் தெரியும். போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவதில் பயனில்லை. 8 போட்டும் மூன்றேகால்தான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு வழியில் தரவு போகும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் அந்த ஜோடிக்கான இடம். வேகம் கலந்தால் குறைந்த வேகத்துக்கே எல்லாம் ஓடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கணினி மெதுவாக இருக்கிறது, அதில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது, ராமும் 8 ஜிபி இருக்கிறது என்றால் உங்கள் பணத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். பத்திரம் டைப் அடிக்க 16 ஜிபி தேவையில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கே சிப்புகள் போய்க் குவிகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு க்ரூஷியல் பெயரில் ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் பழைய கணினியைக் காப்பாற்றுவது முன்பைவிட முக்கியம்.

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பயன்படுத்திய ஸ்டிக் வாங்கினாலும், சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். தராத கடையில் வாங்காதீர்கள். பல நிறுவனங்கள் ராமுக்கு நீண்டகால உத்தரவாதம் தருகின்றன, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புதிதாக வாங்கியதையும் ஓரிரவு மெம்டெஸ்டில் ஓடவிட்ட பிறகே வேலைக்கு எடுங்கள். நன்றாக இருக்கும் பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை பீப் கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சித்தப்பா கடையில் பிழை காட்டாத அந்த 4 ஜிபி ஸ்டிக் முத்திரைத்தாள் டிராயரில் ஒரு காகித உறைக்குள் இருக்கிறது, மேலே தேதி எழுதி.