640 மணி நேரத்தில் யாருக்குக் காது கொடுப்பது?

பணியிட உரையாடல் ஆப்பான ஸ்லாக் 2013 ஆகஸ்டில் முன்னோட்டமாக அறிவிக்கப்பட்டபோது, முதல் நாளே 8,000 பேர் அழைப்புக் கேட்டார்கள். பிறகு மாதத்துக்கு 8,000 உதவிக் கோரிக்கைகள், 10,000 ட்வீட்டுகள் என்று வந்து குவிந்தன. அத்தனைக்கும் பதில் எழுதுகிறோம் என்றார் நிறுவனர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட். ஒன்றுக்கு 5 நிமிடம் என்று வைத்துக் கணக்கிட்டால் 90,000 நிமிடம், அதாவது 1,500 மணி. மாதம் 160 மணி உழைப்பவர்கள் 9 பேருக்கு மேல் இதற்கே வேண்டும். நான்கு பேர் கொண்ட ஸ்டார்ட்அப்பின் கையிருப்பு மொத்தமே 640 மணி, கோடிங்கும் அதற்குள்தான். எனவே எல்லோருக்கும் காது கொடுப்பது சின்ன டீமுக்குக் கட்டுப்படியாகாது. யாருடைய பேச்சை வைத்து வேலையைத் தீர்மானிப்பது என்பதே கேள்வி.

சூப்பர்ஹியூமன் மின்னஞ்சல் ஆப்பின் கணக்கு இதற்கு நல்ல விடை. 2015இல் கோடிங் தொடங்கியது. 2017 கோடையில் 14 பேர் ஆகியும் பொது வெளியீடு நடக்கவில்லை. நிறுவனர் ராகுல் வோரா பயனர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டார். முதல் கேள்வி: இந்த ஆப் இனி இல்லையென்றால் எப்படி இருக்கும்? ‘மிகவும் ஏமாற்றமாக இருக்கும்’ என்றவர்கள் 22 சதவீதம். தயாரிப்பு சந்தைக்குப் பொருந்திவிட்டது என்று சொல்ல, ஸ்டார்ட்அப் வளர்ச்சி நிபுணர் ஷான் எல்லிஸ் வகுத்த எல்லையோ 40 சதவீதம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆப் போனாலும் கவலையில்லை என்றவர்களின் யோசனைகளை ஒதுக்கினார். ஓரளவு ஏமாற்றம் என்றவர்களிலும், வேகத்துக்காக ஆப்பை விரும்பியவர்களின் குறைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர்களைத் தடுத்த பெரிய குறை, மொபைல் ஆப் இல்லாதது. இனி செய்யும் வேலையில் பாதி, பிடித்தவர்களுக்குப் பிடித்ததை வளர்க்க. மறுபாதி, இந்தத் தடைகளை நீக்க. ஏற்ற பயனர்களை மட்டும் பிரித்துக் கணக்கிட்டதில் 22 சதவீதம் 33 ஆனது; பிறகு மூன்று காலாண்டுகளில் அது 58 ஆனது.

பயனர் ஆப்பைக் கையாள்வதைப் பார்த்துச் சிக்கல்களைக் கண்டறியும் பயன்பாட்டுச் சோதனைக்கும் கூட்டம் தேவையில்லை. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிவிடுகிறார் என்பது ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோரின் கணக்கு. அதன்படி 5 பேர் போதும், ஏறத்தாழ 85 சதவீதம் வெளிவந்துவிடும். 15 பேரை ஒரே சுற்றில் உட்கார வைப்பதைவிட, நடுநடுவே திருத்திக்கொண்டே ஐந்தைந்து பேராக மூன்று சுற்று நடத்தச் சொல்கிறார் நீல்சன்.

ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு சுற்றுக்கு 5 மணி. நான்கு பேர் டீமின் வாராந்தர 160 மணியில் இது 3 சதவீதம்தான். அந்த ஐந்து மணியை இந்த வாரமே ஒதுக்குங்கள். முதல் அழைப்பு, ஆப் இல்லாமல் தவித்துப்போகும் பயனருக்குப் போகட்டும்.