கொல்லையில் ராத்திரி வருவது யார்?
குறைந்த விலையில் ஒரு டிரெயில் கேமரா வாங்கும் முன்...

கொய்யா மரத்தடியில் பாதி கடித்த பழம். மதில்மேல் முழு விதைகளோடு எச்சம். வாழைப் பாத்தியில் புதிதாகத் தோண்டிய குழி. காலையில் இவற்றைப் பார்த்ததும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். “பெருச்சாளி வேலை” என்பார் ஒருவர். “மரநாய்தான், எனக்குத் தெரியாதா?” என்பார் பாட்டி. பக்கத்து வீட்டுப் பூனைமேல் பழியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடும் பேரப்பிள்ளை.

வழக்கைத் தீர்த்துவைக்க இப்போது ஒரு சாட்சி உண்டு. தீப்பெட்டிக் கட்டு அளவில், மரத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவிடக்கூடிய டிரெயில் கேமரா. எதிரே ஏதாவது நடமாடினால் தானாக விழித்துப் படமெடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஊர் ஓரத்துத் தோட்டங்களில் மரநாய், புனுகுப்பூனை, கீரி, காட்டுப்பூனை, முயல், கூகை எனப் பல உயிர்கள் நமக்குத் தெரியாமலே வந்து போகின்றன. மலையடிவாரம் என்றால் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்ளும்.

இணையக் கடையில் தேடினால் ஏறத்தாழ 5,000 ரூபாயில் தொடங்கி 20,000-க்கு மேலும் கேமராக்கள் வரிசை கட்டுகின்றன. அட்டைப்பெட்டியில் எந்த எண் பெரிதாக அச்சாகியிருக்கிறதோ, அதை நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் நமக்கு மிகக் குறைவாக உதவும் எண் அதுதான்.

கம்பியில் தொடங்கிய கதை

காட்டு விலங்கு தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டு தாண்டிய வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ், விலங்கின் கால் பட்டு இழுபடும் கம்பியைக் கேமராவோடும் ஒளிப்பொடியோடும் இணைத்தார். 1906 ஜூலையில் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920-களில் அதே முறையில் புலிகளைப் படமெடுத்தார். 2018 தேசியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்கள் பொருத்தப்பட்டன. கிடைத்த படங்கள் மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் புலி இருந்தவை 76,651. உலகின் மிகப் பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று அது கின்னஸ் பதிவிலும் ஏறியது. மூன்றரைக் கோடியில் எழுபத்தாறாயிரம் என்ற அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கொல்லையிலும் வெற்றுப் படங்கள்தான் அதிகம் வரும்.

கண்ணல்ல, தோல்

இந்தக் கேமரா விலங்கைப் பார்ப்பதில்லை. அதன் சூட்டை உணர்கிறது. முன்பக்கத்தில் லென்ஸுக்குக் கீழே பால்வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் முகப்பு இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் உணரி, எதிரே உள்ள சூடு சட்டென்று இடம் மாறினால் கேமராவை எழுப்பும். சூடும் வேண்டும், அசைவும் வேண்டும். சுற்றுப்புறத்துச் சூட்டிலிருந்து விலங்கின் சூடு வேறுபடவும் வேண்டும்.

நம் ஊர் வெயிலில் சிக்கல் இங்கேதான் வருகிறது. சித்திரை மாத மதியத்தில் தரையும் சுவரும் கீரியின் மேல்தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், கீரி எதிரே நின்றாலும் உணரிக்கு ஒன்றும் தெரியாது. மேற்கு வெயில் வாங்கிய சுவர் முன்னிரவு வரை கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே சுவரைப் பின்னணியாக வைத்துக் கேமராவைக் கட்டாதீர்கள். நிழல் விழும் மண்தரையும் செடிகளும் பின்னணியாக இருக்கட்டும்.

பாம்பு, ஓணான் போன்ற குளிர்ரத்தப் பிராணிகள் இதில் பெரும்பாலும் சிக்குவதில்லை. ஜன்னலுக்குள் வைத்துக் கண்ணாடி வழியாக எடுக்கலாமே என்று தோன்றும். முடியாது. கண்ணாடி அந்தச் சூட்டுக்கதிரைத் தடுத்துவிடும். இரவில் கேமராவின் ஒளியும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளுத்துவிடும்.

பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

முதலில் மெகாபிக்சல். 36, 48 என்று போட்டிருப்பார்கள். மலிவான கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்சார் அதில் சிறு பங்குதான். மீதியை மென்பொருள் தானே இட்டு நிரப்பி ஊதிக் காட்டும். கோப்பு பெரிதாகுமே தவிர, ஒரு மயிர்க்கால்கூடக் கூடுதலாகத் தெரியாது. இந்த எண்ணைக் கடந்து போங்கள்.

நிற்க வேண்டிய இடம் டிரிக்கர் வேகம். சூட்டை உணர்ந்ததற்கும் படம் விழுவதற்கும் இடையிலான நேரம் அது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸ், 2 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்தைத்தான் பார்க்கும். ஓடுகிற கீரி அதை ஒரு நொடிக்குள் கடந்துவிடும். டிரிக்கர் ஒரு நொடி எடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது வெறும் தரை. அதிர்ஷ்டம் இருந்தால் வால் நுனி. அரை நொடிக்குள் எடுக்கும் கேமராவாக இருக்க வேண்டும், 0.3 நொடி என்றால் நல்லது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கேமரா எவ்வளவு நேரம் மூச்சு வாங்குகிறது என்பதையும் பாருங்கள். தாய் முன்னே போக, குட்டி பின்னே வருவது கொல்லையில் சாதாரணம்.

மூன்றாவது, இரவு ஒளி. 850 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்குகள் தூரமாகவும் தெளிவாகவும் காட்டும். ஆனால் படமெடுக்கும்போது மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. தூரம் குறையும், படம் கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும். கொல்லையில் தூரம் நமக்குத் தேவையில்லை. தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவாவது 940 நல்ல தேர்வு.

நான்காவது, கிட்டப் பார்வை. பெரும்பாலான கேமராக்களின் ஃபோகஸ் மாற்ற முடியாதது. ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு அப்பால்தான் தெளிவு. எலி, அணில், தட்டில் தண்ணீர் குடிக்கும் குருவி ஆகியவற்றை ஓரடியில் வைத்து எடுத்தால் பஞ்சுருண்டையாகத்தான் வரும். சிலர் வாசிப்புக் கண்ணாடியின் லென்ஸ் ஒன்றை முன்னால் ஒட்டிச் சமாளிக்கிறார்கள். செய்வதானால், உணரியின் வெள்ளை முகப்பை அது மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ராத்திரிக் கார்டு

இவையெல்லாம் ஏன் முக்கியம் என்பது கார்டைத் திறந்தால் புரியும். இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளை. நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. 9 மணிப் படத்தில் நீள உடல், குட்டைக் கால், கூர் மூக்கு. மரநாயா, புனுகுப்பூனையா? விடை வாலில் இருக்கிறது. வளையம் வளையமாகப் பட்டை இருந்தால் புனுகுப்பூனை. பட்டையில்லாமல் ஒரே கறுப்பாக நீண்டு கிடந்தால் மரநாய். மரநாய் பெரும்பாலும் மதில்மேலும் கிளைமேலும் போகும். புனுகுப்பூனைக்குத் தரைதான் பாதை. வால் படத்துக்குள் விழுந்திருந்தால் 2 மெகாபிக்சலே போதும். விழாவிட்டால் 48 இருந்தும் பயனில்லை.

செல்லில் கஞ்சத்தனம் வேண்டாம்

கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை செல்லில்தான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல்லைப் போட்டால், பகலில் படம் ஒழுங்காக வரும்; இரவில் விளக்குகள் எரிய மின்சாரம் போதாமல் கறுப்பாக விழும், அல்லது கேமரா அணைந்துவிடும். அல்கலைன் செல் போடுங்கள். ரீசார்ஜ் செல்தான் நெடுநாளைக்கு லாபம். ஆனால் அது 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட், உங்கள் கேமரா அதை ஏற்குமா என்று குறிப்பேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெமரி கார்டு 32 ஜிபி போதும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் கார்டாக வாங்கி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். கேமரா விலையில் கால் பங்கு செல்லுக்கும் கார்டுக்கும் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

கட்டும் இடம்

முழங்கால் உயரம், வடக்கு பார்த்த முகம். கிழக்கோ மேற்கோ பார்த்தால் காலை, மாலை வெயில் நேரே லென்ஸில் அடிக்கும். விலங்கு கேமராவை நோக்கி வருவதைவிடக் குறுக்கே கடப்பதுதான் உணரிக்கு எளிது. எதிரே ஆடுகிற வாழையிலை, உயர்ந்த புல் எதுவும் இருக்கக் கூடாது; வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் இலைப் படங்கள் சேர்ந்துவிடும். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை பின்னும். பெட்டிக்குள் எறும்பு குடியேறும். வாரம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு ஐபி66 தரம் வேண்டும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். குரங்கு நடமாடும் ஊரென்றால் பெல்ட்டை இரட்டையாக இறுக்குங்கள்.

இதுவே தேவைதானா?

உங்கள் கொல்லையில் பிளக் பாயின்ட்டும் வைஃபையும் எட்டுகிறதா? அப்படியானால் வெளியில் மாட்டும் சாதாரண வீட்டுக் கண்காணிப்புக் கேமராவே போதும், விலையும் குறைவு. அது சூட்டைப் பார்ப்பதில்லை, காட்சியில் நேரும் மாற்றத்தைப் பார்க்கிறது. ஆகவே உடும்பும் பாம்பும்கூட அதில் பதிவாகும். மின்சாரம் எட்டாத தோப்பு, வயல் வரப்பு, வேலியோரம் என்றால்தான் டிரெயில் கேமராவுக்கு வேலை. சிம் போடும் மாடலை இப்போதைக்கு விட்டுவிடலாம். வெளிநாட்டு அலைவரிசைக்குச் செய்தது இங்கே வேலை செய்யாமல் போகலாம்.

சில கட்டுப்பாடுகள்

கேமராவின் முகம் உங்கள் நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். அண்டை வீட்டுக் குளியலறையையோ தெருவையோ அல்ல. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியில்லாமல் கேமரா வைக்கவே கூடாது. கோழிக் குடல், மீன் கழிவு போட்டு விலங்கை வரவழைக்காதீர்கள். நாய்க் கூட்டம் வரும். மலைப்பகுதியில் சிறுத்தையே வரும். ஒரு தட்டுத் தண்ணீர் போதும். கொசு பிடிக்காமல் தினமும் மாற்றுங்கள். எறும்புத்தின்னியோ நட்சத்திர ஆமையோ தேவாங்கோ படத்தில் விழுந்தால், ஊர்ப் பெயரோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வேட்டைக்காரருக்கு அதுவே முகவரி.

முதல் கேமராவுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அரை நொடிக்குள் டிரிக்கர், 940 நானோமீட்டர் விளக்கு, ஐபி66, திருப்பிக் கொடுக்கும் வசதி ஆகிய நான்கும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வந்த அன்றே செல் போட்டு, நீங்களே அதன் முன்னால் குறுக்கே நடந்து பகலிலும் இரவிலும் சோதித்துவிடுங்கள். உங்கள் முகம் விழாத கேமராவில் மரநாயும் விழாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.