நினைவகத்தைக் கூட்டினோம், கணிப்பொறி நின்றது!

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் கோயிலில் மணி காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டத்தில் எண்கள் பொறித்த கல் அது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்ணே அப்போதைய மணி. குச்சி சரியாக நிற்காவிட்டால் மணியும் தவறும். அதற்காகக் கல்லைக் குறை சொல்லலாமா?

கணிப்பொறியிலும் இப்படி நேர்வதுண்டு. பள்ளிக் கணிப்பொறி ஒன்று மெதுவாக ஓடுகிறது. 4 ஜி.பி. ரேம் உள்ள அதில் இன்னொரு 4 ஜி.பி. அட்டையைச் செருகுகிறோம். முதல் நாள் வேகம் கூடுகிறது. மறுநாள் திரை நீலமாகி, கணிப்பொறி தானாக அணைந்து எழுகிறது. "வைரஸ்!" என்கிறார் ஒருவர். "மதர்போர்டு போய்விட்டது" என்கிறார் இன்னொருவர். கடைசியாக அதைத் தொட்ட மாணவன்மீது பழி விழுகிறது. உண்மையை எப்படி அறிவது?

ஒழுகும் பானைகள்

ரேம் என்பது கணிப்பொறியின் தற்காலிக நினைவகம். அதில் கண்ணுக்குத் தெரியாத மின்தேக்கிகள் வரிசை வரிசையாக உள்ளன. ஒன்றில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 4 ஜி.பி. அட்டையில் இத்தகைய அறைகள் ஏறத்தாழ 3,436 கோடி! ஒவ்வொன்றும் ஒழுகும் பானை போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை அதைப் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும்.

ஓர் அறை தவறினால் என்ன ஆகும்? ஆம்பூர்த் தோல் ஷெட் ஒன்றில் ஒருவரின் நாட்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 256+128+64+32+16+4. இதில் 256-க்கு உரிய அறை மட்டும் 1-லிருந்து 0 ஆகிவிட்டால், கூலி 244 ரூபாயாகக் குறைந்துவிடும்! கணிப்பொறி நின்றுவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் தவறாக எழுதிக்கொண்டே போவதுதான் பெரிய ஆபத்து. ஆகவே கோளாறு தீரும்வரை அதில் முக்கியமான கணக்கு எதையும் எழுதக் கூடாது.

ஒவ்வொன்றாக மாற்று

காரணங்கள் பல. அட்டை சரியாக அமராமல் இருக்கலாம். அதன் பொன்முலாம் பூசிய முனைகளில் தூசி படிந்திருக்கலாம். நம் விரலிலுள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்திருக்கலாம். இரு அட்டைகளின் வேகம் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். (டி.டி.ஆர்.3 வகை 1.5 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.4 வகை 1.2 வோல்ட்டிலும் இயங்குபவை. ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருக முடியாதபடி வெட்டுப்பள்ளத்தை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். அழுத்தித் திணிக்காதீர்கள்!)

சோதனையைத் தொடங்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஆசிரியரும் அருகில் இருக்கட்டும்.

முதலில் புது அட்டையை எடுத்துவிடுங்கள். கோளாறு தொடர்ந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. நின்றுவிட்டால், பழைய அட்டையும் அதன் ஸ்லாட்டும் குற்றமற்றவை.

அடுத்து, பழைய அட்டை இருந்த ஸ்லாட்டில் புது அட்டையை மட்டும் செருகுங்கள். கோளாறு வந்தால் புது அட்டையே குற்றவாளி.

வராவிட்டால், இரண்டாவது ஸ்லாட்டில் பழைய அட்டையை மட்டும் செருகுங்கள். இப்போது கோளாறு வந்தால் குற்றம் ஸ்லாட்டினுடையது.

தனித்தனியே எல்லாம் சரி, சேர்ந்தால் மட்டும் கோளாறு என்றால், இரண்டு அட்டைகளுக்கும் பொருத்தம் இல்லை.

ஒவ்வொரு படியிலும் நினைவகச் சோதனை நிரலை இரவு முழுதும் ஓடவிடுவது நல்லது. நாளுக்கு ஒருமுறை வரும் கோளாறு, பத்து நிமிடம் வரவில்லை என்பதால் தீர்ந்துவிட்டதாகாது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால், எது காரணம் என்பது தெரியாமலே போகும்.

விண்வெளியிலும் இதே வழி

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேரவே ஏறத்தாழ 22½ மணி நேரம் ஆகும். சில்லைக் கழற்றிப் பார்க்க வழியில்லை. பொறியாளர்கள் அதன் நினைவகத்தில் இருந்ததை வரவழைத்து, கோளாறுக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு சில்லு கெட்டிருந்தது. நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் பழுது. அதிலிருந்த நிரலைப் பகுதி பகுதியாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று, கலத்தின் நிலையைத் தெரிவிக்கும் சரியான செய்தி மீண்டும் வந்தது.

பழி சொல்ல ஒரு நொடி போதும். சோதித்துப் பார்க்கச் சில நாட்களாவது வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் அறிவியல் என்று பெயர்.

இதோ உங்களுக்கு ஒரு கேள்வி. புது அட்டையைக் கழற்றி, துடைத்து, அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகியதும் கோளாறு அடியோடு மறைந்துவிட்டது. அப்படியானால் குற்றவாளி யார்? விரிஞ்சிபுரத்துக் குச்சியை நினைத்துப் பாருங்கள்!